பிராக்டிஸ் முடிந்தும் காதுக்குள் ‘ஙொய்’ நிற்கவில்லை, டாக்டர்!

இந்த முறை ஒரு பேஸ் கிட்டார்காரரின் நீண்ட கடிதம். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கு 34 வயது, அலுவலக வேலை. ஆறு வருடமாக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறார்கள்: டிரம்ஸ், பேஸ், லீட் கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகி. யாருக்கும் இது தொழில் கிடையாது. வாரம் ஒரு நாள், வாடகைக்கு எடுத்த சின்ன அறையில் மூன்று மணி நேரம் பிராக்டிஸ். இடம் போதாததால் இவர் நிற்பது எப்போதும் டிரம்ஸை ஒட்டித்தான், டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் ஒரு கை தூரத்தில், இடது காது அந்தப் பக்கம்.

முன்பெல்லாம் பிராக்டிஸ் முடிந்ததும் காது அடைத்தது போல இருக்குமாம், ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்குமாம், தூங்கி எழுந்தால் போய்விடுமாம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் பிராக்டிஸ் நீண்டுவிட்டது. அன்று இடது காதில் வந்த அடைப்பும் சத்தமும் இன்னும் போகவில்லை. சத்தம் பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை, இரவில் விளக்கை அணைத்ததும் அது ஒன்றுதான் கேட்கிறது. டிரம்மர் “காது பழகிடும் மச்சான், எனக்கெல்லாம் பழகிடுச்சு” என்கிறார். லீட் கிட்டார்காரர் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். மருந்துக்கடையில் கேட்டு பி12 மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். மனைவி, “பேண்டை விட்டுடுங்க, பிரச்னை தீர்ந்தது” என்கிறார். இரண்டு மாதத்தில் ஒரு ஷோ வேறு இருக்கிறது. “நாங்கள் சும்மா ஆசைக்கு வாசிப்பவர்கள், இதெல்லாம் பெரிய ராக் ஸ்டார்களுக்கு வரும் வியாதி இல்லையா? நான் செவிடாகிவிடுவேனா? காதில் எதையாவது வைத்துக்கொண்டால் எப்படி வாசிப்பது? சவுண்டைக் குறைக்கச் சொன்னால் என்னை அனுப்பிவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களோ?” இவைதான் அவர் கேள்விகள். நடுவில் ஒரே ஒரு வரியில், பாடகிக்கும் கொஞ்ச நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

நண்பருக்கு,

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம், அதுவும் ஒரே காது. இதைப் பார்த்த பிறகு, “கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்று எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஆடியோகிராம், அப்புறம் மற்றது

இந்த வாரமே போய் காதைக் காட்டுங்கள், கேட்கும் திறன் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, வலி எதுவும் இல்லை. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸில் இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி உங்களுக்குக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். அதைக் கோடாக வரைந்த படம்தான் ஆடியோகிராம். பெரும் சத்தத்தால் கெட்ட காதில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள், பெரும்பாலும் 4000-ஐ ஒட்டி, கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். பேஸ் கிட்டாரின் அடிநாதம் எல்லாம் அதற்கு வெகு கீழே இருப்பதால், அந்தப் பள்ளம் விழுந்தது உங்கள் வாசிப்பில் தெரியவே தெரியாது. அதனால்தான் “எனக்கு நல்லாத்தான் கேட்குது” என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அவசரம் ஏன் என்றால், காது அடைத்தது போல இருக்கிறது என்று நீங்கள் சொல்வது வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம், உள்காதில் கேட்கும் திறன் திடீரென இறங்கியதாகவும் இருக்கலாம். இரண்டும் ஆளுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மூன்று நாளுக்குள் கேட்கும் திறன் சட்டென்று இறங்கினால் அதை நாங்கள் அவசர சிகிச்சையாகவே பார்க்கிறோம். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தர வாய்ப்பு. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் தாண்டிவிட்டது, உண்மைதான், ஆனாலும் இன்னும் தள்ளிப்போட அது ஒரு காரணம் ஆகாது. வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அழுக்கு போன்ற அடைப்பு என்றால் அந்த முனகல் அடைத்த காதுப் பக்கம் சத்தமாகக் கேட்கும். உள்காதுப் பிரச்னை என்றால் நல்ல காதுப் பக்கம் சாயும். இது ஒரு குறிப்புதான், சோதனைக்கு ஈடாகாது, எந்தப் பக்கம் கேட்டாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

தலைசுற்றல், காதில் சீழ், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், முகத்தில் ஒரு பக்கம் இழுப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிலைத்திருந்தால் சில சமயம் ஸ்கேனும் எழுதுவார்கள், கேட்கும் நரம்பில் வேறு ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்க. பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஸ்கேன் சீட்டைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள் என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

‘காது பழகிடும்’ என்ற பேச்சு

உங்கள் டிரம்மரின் மேல் எனக்குக் கோபமில்லை, நானே கல்லூரியில் ஒரு பேண்டில் கீபோர்டு வாசித்தபோது இதே வசனத்தைப் பேசியவன்தான். உள்காதில் ஒலியைப் பிடிக்கும் மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவ்வளவுதான் நமக்குக் கொடுத்தது. பறவைகளுக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. பெரும் சத்தம் கேட்கும்போது இந்தச் செல்கள் அசந்துபோகின்றன. அதுதான் அந்த அடைப்பு, அந்த ‘ஙொய்’. ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலானவை எழுந்துவிடும், சில எழாது. “காலையில் சரியாகிவிடும்” என்று நீங்கள் எழுதியதும் முழுக்க நிம்மதி தரும் விஷயமில்லை. 2009-இல் எலிகளிடம் செய்த ஒரு ஆய்வில், கேட்கும் திறன் சோதனையில் எல்லாம் பழையபடி வந்த பிறகும், மயிர் செல்லையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் பெரும் பங்கு நிரந்தரமாகப் போயிருந்ததைக் கண்டார்கள். மனிதனில் இது எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு “காலையில் போயிடும்” என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நடுக்காதில் ஒரு குட்டித் தசை இருக்கிறது, சத்தம் வந்தால் இறுகி எலும்புச் சங்கிலியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். காது பழகுவது என்று சொல்ல உடம்பில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அது இறுகுவதற்குள் ஸ்னேர் டிரம்மின் அடி உள்ளே போய்ச் சேர்ந்துவிடும், தவிர அது தடுப்பது பெரும்பாலும் கீழ்ச்சுருதியை. சிம்பலின் மேல்சுருதிக்கு அது பெரிய தடை இல்லை. அப்புறம் டிரம்மருக்கு எப்படிப் பழகியது? அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆடியோகிராம் எடுங்கள், அவருடைய மேல்சுருதிக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கேட்காமல் போனதைத்தான் பலர் பழகிவிட்டது என்கிறார்கள்.

ஆசைக்கு வாசிப்பவர்களுக்கு வராதா?

சம்பளம் வாங்கி வாசிக்கிறீர்களா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. சொல்லப்போனால் உங்கள் நிலைதான் மோசம். தொழில்முறைக் குழுவுக்குப் பெரிய மேடை, தனியாக ஒரு சவுண்ட் ஆள், வாசிப்பதைக் கேட்கக் காதுக்குள் குட்டி இயர்போன் போல ஒரு மானிட்டர். உங்களுக்கு நாலு சுவர், நடுவில் டிரம்ஸ், அதோடு போட்டி போடும் மூன்று ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி).

கணக்கு இப்படி. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது, அதனால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். சின்ன அறையில் முழு டிரம்ஸோடு ஒரு பேண்ட் வாசித்தால் 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். மூன்று மணி நேரத்தில் பேச்சு, டியூனிங், “அந்த இடத்தை மறுபடி போவோம்” எல்லாம் கழித்து ஒன்றரை மணி நேரம்தான் வாசிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஒரே மாலையில் ஆறு நாள் அளவைக் காதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

ராக்குக்கு மட்டும் வரும் வியாதி என்பதும் தவறு. 2012-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் ஒரு ஒத்திகை. வயோலா வாசிப்பவர் ஒருவரின் நேர் பின்னால், இருக்கை வரிசை மாறியதால், டிரம்பெட்டுகள் வந்து உட்கார்ந்தன, அவருடைய வலது காதை ஒட்டி. காது போய் அவருடைய வாசிப்பே நின்றது. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அங்கே ஆம்ப் கிடையாது, டிஸ்டார்ஷன் கிடையாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் விஷயமாக இருந்தது. நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

செவிடாகிவிடுவேனா என்ற கேள்விக்கு நேரான பதில்: காதிரைச்சல் தானாக யாரையும் செவிடாக்காது. சத்தத்தால் வரும் சேதம், சத்தம் நின்றால் பொதுவாக அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அதுவும் நிற்காது.

காதுப் பிளக்: பஞ்சும் வேண்டாம், மஞ்சள் ஃபோமும் வேண்டாம்

பஞ்சு கிட்டத்தட்ட ஒன்றையும் தடுக்காது, ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியைத்தான் தரும், அந்த நிம்மதியில் இன்னும் கொஞ்சம் வால்யூம் ஏறும். தொழிற்சாலையில் வைக்கும் ஃபோம் பிளக் நன்றாகவே தடுக்கும், ஆனால் மேல்சுருதியை அதிகமாகவும் கீழ்ச்சுருதியைக் குறைவாகவும் தடுப்பதால் எல்லாம் போர்வைக்குள் கேட்பது போல இருக்கும். நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்து “ஒரு மண்ணும் கேட்கவில்லை” என்று எறிந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் பிளக் வேறு. அதில் ஒரு சிறு வடிகட்டி உண்டு, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு இறக்கும், அதாவது அதே பாட்டு, வால்யூம் குமிழை யாரோ திருப்பிவிட்டது போல. அடுக்கடுக்காக ரப்பர் வளையம் வைத்து ரெடிமேடாகவும் கிடைக்கும், காதின் அச்செடுத்துச் செய்ததும் உண்டு. அச்செடுத்ததில் 9, 15, 25 டெசிபல் என்று வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு 15 போதும் என்று நினைக்கிறேன்: 100 என்பது 85 ஆகிறது, 15 நிமிடம் என்பது 8 மணி நேரம் ஆகிறது. முதலில் ரெடிமேடில் ஆரம்பியுங்கள், ஒத்துவந்தால் அப்புறம் அச்செடுக்கலாம்.

போடும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. இடது காதுக்குப் போடும்போது வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், குழாய் நேராகும், பிளக் உள்ளே போகும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். அந்த எதிரொலிதான் கோரஸ் பாடும்போது எரிச்சல் தரும், பிளக் ஆழமாகப் போனால் அது குறையும். ‘இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்’ என்று கழற்றாதீர்கள், 100 டெசிபலில் 15 நிமிடம் கழற்றினால் அன்றைய கணக்கு அதிலேயே முடிந்துவிட்டது. இடது காதில் மட்டும் போடுவதும் வேண்டாம், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே குழம்பிவிடும். முதல் தடவை ஷோவில் போட்டுப் பார்க்காமல், வீட்டில் தனியாக வாசிக்கும்போது போட்டுப் பழகுங்கள். மூன்று நான்கு பிராக்டிஸ் கழித்துக் காதில் இருப்பதே மறந்துவிடும். பேஸ் வாசிப்பவருக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு, பாதிச் சத்தம் உங்களுக்கு நெஞ்சுக்கூட்டிலும் உள்ளங்காலிலும்தான் வருகிறது, அதை எந்தப் பிளக்கும் தடுக்காது.

ஒரு எச்சரிக்கை. காதிரைச்சல் வந்த பயத்தில் சிலர் வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்கப் பிளக்கோடு அலைகிறார்கள். அது உல்டா. வெளிச் சத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் சத்தம் பெரிதாகத் தெரியும், சாதாரணப் பாத்திரச் சத்தம்கூடக் கூச ஆரம்பிக்கும். பிளக் அந்த அறைக்கு மட்டும்.

அந்த அறைக்குள் என்ன செய்யலாம்

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அதை எடுத்து ஓரமாக வையுங்கள், அதனால் உள்ளே சத்தம் குறையாது, வெளியே போவதும் குறையாது. கனமான மெத்தை, ரஜாய் போன்றவை எதிரொலியைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் சிம்பலில் இருந்து உங்கள் காதுக்கு நேராக வருவதை எந்தச் சுவரும் நிறுத்தாது.

எனக்குச் சிகிச்சைக்கு வந்த ஒரு கீபோர்டுகாரரின் பிராக்டிஸுக்கு ஒருமுறை ஒலி அளக்கும் கருவியோடு போயிருந்தேன். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தது. கிட்டார்காரர் அதிலிருந்து ஓரடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி நின்றார். ஆம்பின் ஸ்பீக்கர் மேல்சுருதியை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் வீசும், அந்த வெளிச்சம் அவருடைய முழங்காலின் பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. முழங்காலுக்குக் காது கிடையாதே, அவருக்கு மந்தமாகத்தான் கேட்டது, அதனால் ஏற்றினார், இன்னும் ஏற்றினார். எதிரே உட்கார்ந்திருந்த கீபோர்டுகாரருக்கு மொத்தமும் முகத்தில் விழுந்தது. ஆம்பைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்து, கொஞ்சம் மல்லாத்தி, கிட்டார்காரரின் காதைப் பார்க்கும்படி சாய்த்தோம். முதல் கார்டு அடித்ததும் அவர் துள்ளிவிட்டார், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் கையே போய் வால்யூமைப் பாதிக்கு இறக்கியது. உங்கள் அறையில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஒரு நாற்காலி போதும். உங்கள் ஆம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, ஒருவர் சத்தத்தில் இன்னொருவர் மூழ்குவது. “நான் எனக்கே கேட்கவில்லை” என்றதும் எல்லோரும் வால்யூமில் கை வைக்கிறோம். உண்மையில் பேஸ், கீபோர்டின் இடது கை, கிட்டாரின் தடித்த கம்பிகள் மூன்றும் ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொள்கின்றன. கீபோர்டுகாரரை இடது கையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கிட்டாரில் பேஸ் குமிழைக் குறையுங்கள், உங்கள் ஆம்பில் பேஸை (கீழ்ச்சுருதியை) குறைத்து மிட்டை (நடுச்சுருதியை) கொஞ்சம் கூட்டுங்கள். வீட்டில் தனியாகக் கேட்க அந்த டோன் மொண்ணையாக இருக்கும், குழுவுக்குள் கேட்டால் ஒவ்வொரு நோட்டும் தெரியும். தாழ்ந்த வால்யூமில் நம் காதுக்கு அடிநாதம் குறைவாகத்தான் கேட்கும், 1930-களிலேயே அளந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். சத்தமாக வைத்தால் ‘கெத்தா’ இருப்பதன் ரகசியம் அதுதான், வாசிப்பு ஒன்றும் மேம்படவில்லை.

டிரம்ஸை வால்யூம் குமிழ் வைத்துக் குறைக்க முடியாது, அதனால் மற்ற எல்லோரும் அதன் அளவுக்கு ஏறுகிறார்கள். பாட்டைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் தடித்த குச்சிக்குப் பதில் ராட்ஸ் எனப்படும் மெல்லிய குச்சிக் கட்டு, ஸ்னேர் மேல் ஒரு துண்டு, சிம்பலுக்கு ஓட்டைகள் போட்ட சத்தம் குறைந்த வகை. எலக்ட்ரானிக் டிரம்ஸ் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், ஆனால் டிரம்மர்களிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தை இன்றே மாற்றுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனாலும் ஒரு கை தூரத்தில் இருந்து எதிர்ச் சுவருக்குப் போவது பெரிய வித்தியாசம்தான்.

கேட்டால் அனுப்பிவிடுவார்களா?

பேஸ் வாசிப்பவரை அவ்வளவு லேசில் யாரும் அனுப்ப மாட்டார்கள், கிடைப்பதே அபூர்வம். பயம் அதில் இல்லை, கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. பாட்டின் நடுவில் கையாட்டி “குறைங்கடா” என்றால் சண்டைதான் வரும். உங்களிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, போன். ஒலி அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கும், துல்லியம் முன்னே பின்னே இருந்தாலும் 85-ஆ 105-ஆ என்று தெரிந்துவிடும். எல்லோர் கண்ணிலும் படும்படி ஸ்டாண்டில் வையுங்கள். கூடவே ஒரே பாட்டை ஒருமுறை வழக்கம் போலவும் ஒருமுறை குறைத்தும் வாசித்து இரண்டையும் அதே போனில் பதிவு செய்யுங்கள். முதல் பதிவில் சிம்பலும் இரைச்சலும்தான் கேட்கும், இரண்டாவதில் யார் எங்கே தப்பு விட்டார் என்பதுகூடத் தெரியும். (அதனாலேயே சிலருக்கு இரண்டாவது பிடிக்காது.)

இன்னொரு சாட்சி உங்கள் பாடகி. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான், லாம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த அறையில் உங்களுக்கெல்லாம் வால்யூம் குமிழ் இருக்கிறது, அவருக்கு இருப்பது இரண்டு சின்னத் தசை மடிப்புகள். வாரா வாரம் அவற்றை அடித்துத் துவைத்தால் முடிச்சு விழும். தொண்டை கட்டியது நாலு வாரம் தாண்டியிருந்தால் அவரும் குரல்வளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெந்நீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஐந்து பேரில் இரண்டு பேருக்கு உடம்பில் பிரச்னை என்றால் இது உங்கள் காதின் பலவீனம் இல்லை, அந்த அறையின் ஏற்பாடு சரியில்லை. அப்படிப் பேசுங்கள், அவரையும் சேர்த்துக்கொண்டு.

நான் சொல்லும் ஏற்பாடு: மூன்று மணி நேரத்தில் முதல் இரண்டு மணி நேரம் ராட்ஸோடு, குறைந்த வால்யூமில், பாட்டின் அமைப்பு, இடைவெளி, முடிவு இதெல்லாம் பார்ப்பது. கடைசி அரை மணிதான் முழு வேகம், அப்போது எல்லோர் காதிலும் பிளக். முக்கால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே. உங்களுக்கு இதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு, யாருக்கும் யாரும் முதலாளி இல்லாத இடம் அது. எவ்வளவு சொல்லியும் சிரித்துவிட்டு ஆம்பை ஏற்றுகிறார்கள் என்றால் உங்கள் மனைவி சொன்னதே சரி, அந்த பேண்டை விடுங்கள். வாசிப்பதை விடச் சொல்லவில்லை, வேறு குழு கிடைக்கும்.

இரவும் மாத்திரையும்

பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும் பி12. இல்லாவிட்டால் அது சிறுநீரில் போகும். ஜிங்கோ மூலிகை, துத்தநாகம் என்று காதிரைச்சலுக்காக விற்பதையும் நம்ப வேண்டாம், அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இவற்றைப் பரிந்துரைக்காதே என்கிறது. காதிரைச்சலை நிறுத்தும் மாத்திரை என்று இன்றைக்கு எதுவும் இல்லை. ஆஸ்பிரின் அதிக அளவில் எடுப்பவர்களுக்கு அதுவே இரைச்சலைக் கொண்டுவரும், நீங்கள் தலைவலிக்கு எதையாவது தினமும் போடுகிறீர்களா என்று எழுதவில்லை, டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரவில் அறையை நிசப்தமாக்க வேண்டாம். மின்விசிறிச் சத்தமோ, போனில் மழைச் சத்தமோ, மெல்லியதாக, உள்ளே கேட்கும் ‘ஙொய்’யை முழுக்க மூழ்கடிக்காமல் அதற்குக் கொஞ்சம் கீழே ஓடட்டும். மூளை அந்தச் சத்தத்தை முக்கியமில்லாத ஒன்றாக ஒதுக்கக் கற்றுக்கொள்ளும், சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் ஆகிறது. “இன்னும் இருக்கிறதா?” என்று மணிக்கு ஒரு தரம் காதைக் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள், பார்க்கப் பார்க்க மூளை அதை முக்கியம் என்றே எடுத்துக்கொள்ளும். தூக்கம் ரொம்பவே கெட்டால் மனநல ஆலோசகரிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எடுக்கலாம், சத்தம் அப்படியே இருந்தாலும் அது தரும் தொல்லை குறையும்.

இரண்டு மாதத்தில் வரும் ஷோ

வாசிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆடியோகிராம் வேறு எதையும் சொல்லாவிட்டால். அது வரும் வரை அந்த அறைக்குள் போகாதீர்கள். ஒன்றிரண்டு பிராக்டிஸ் போனால் போகட்டும், மற்றவர்களின் பதிவை வாங்கி வீட்டில் மெல்லிய வால்யூமில் சேர்ந்து வாசியுங்கள். ஷோ அன்று சவுண்ட் ஆளிடம் பேஸை நேராக மிக்ஸருக்கு எடுக்கச் சொல்லுங்கள், மேடையில் ஆம்ப் தேவைப்படாது, அல்லது சின்னதாகப் போதும். பார்வையாளர் பக்கம் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது, சவுண்ட் ஆளுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை. காதுக்குள் மானிட்டர் வாங்கலாமா என்று நினைத்தால், இரண்டு காதிலும் போட்டு வால்யூமைக் குறைத்து வைப்பவருக்குத்தான் அது பாதுகாப்பு. கூட்டத்தின் சத்தம் வேண்டும் என்று ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை ஏற்றுபவருக்கு அதைவிட மோசமான கருவி இல்லை. மேடையில் டிரம்ஸுக்கு வலது காதைக் காட்டி நின்றால் சமன் ஆகிவிடும் என்று தோன்றும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இருக்கும் நல்ல காது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை வருடம், வாரம் எத்தனை மணி நேரம், எந்தக் காது டிரம்ஸ் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சோதனைக்கு முந்தின நாள் ஹெட்போன்கூட வேண்டாம். ரிப்போர்ட்டில் அந்த 4000 ஹெர்ட்ஸ் எண் இரண்டு காதுக்கும் என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், டிரம்மருடையதையும் சேர்த்து.